பதினான்கு கதவுகள்

சூறாவளி போய்ப் பதினோராம் நாள்
ஆப்பியாவிலிருந்து படகேறி
சவாயித் தீவின் தென்கரையில் இறங்கினேன்,
கையில் அரசாங்கத்தின் கைக்கணினி.

கேள்வி நான்கு: சுவர் எதனால் ஆனது?
கேள்வி ஐந்து: கதவுகள் எத்தனை?
கேள்வி ஆறு: சன்னல்?

ஃபுவாதினோ பாய் முடைவதை நிறுத்தவில்லை.
"உள்ளே வந்து கேள்" என்றாள்.
உள்ளே எங்கே தொடங்குகிறது?
கருங்கல் மேடையில் ஒரு கால்,
மணலில் ஒரு கால் என நின்றேன்.
நானும் சமோவாக்காரன்தான்.
ஆனால் ஆக்லாந்தில் படித்த எட்டு வருடம்
கால்களுக்கு நிலைப்படி பழக்கியிருந்தது.

நீள்வட்டமாய்ப் பதினான்கு தூண்கள்.
கவிழ்த்த படகு போல் கூரை.
ஓர் ஆணி கிடையாது.
தேங்காய் நாரை முறுக்கி முறுக்கிக்
கட்டியே நிறுத்திய வீடு.
காற்று வந்த இரவில்
கட்டுகள் முனகினவாம், நெகிழ்ந்தனவாம்,
விடியும்போது தூண்கள்
பழைய இடத்துக்கே திரும்பி நின்றனவாம்.
கரும்புத் தோகையில் பாதியைத்தான் கடல் கொண்டுபோனது.
"அது கேட்டுக்கொண்டேதான் இருக்கும்" என்றாள்,
கடன்காரனைப் பற்றிச் சொல்வதுபோல.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள்.
இங்கே சித்திரம் மட்டும் இருந்தது:
ஓர் இடைவெளியில் மீன் காயும் கயிறு,
அடுத்ததில் மாமனாரின் கல்லறை, அதன்மேல் உலரும் சட்டை,
அதற்கடுத்ததில் முழுக்கக் கடல்.

மழை வந்தது.
பேச்சை நிறுத்தாமலே தவாலே எழுந்து
சாரல் அடித்த பக்கத்துத் தட்டியை மட்டும் இறக்கினான்.
தென்னோலைச் சுவர் ஒன்று
என் கண்ணெதிரே பிறந்தது,
கால் மணி நேரம் வாழ்ந்தது,
சுருட்டிக் கட்டப்பட்டது.
கேள்வி நான்கை நான் தட்டச்சு செய்வதற்குள்
சுவர் போய்விட்டது.

பின்னால் இன்னொரு வீடு உண்டு.
மூத்தவன் அனுப்பிய பணத்தில்
சிமெண்டு, கண்ணாடி, தகரம்.
உச்சிவேளையில் அதற்குள் ரொட்டி சுடலாம்.
குளிர்பெட்டியும் கல்யாணப் புகைப்படங்களும்
அங்கே குடியிருந்தன.
மனிதர்கள் இங்கே,
தூணுக்குத் தூண் கொசுவலை கட்டி.

"ஊரே பார்க்குமே?"
"பார்க்காது."
அப்போதுதான் கவனித்தேன்.
பாதையில் போகிறவர்கள்
இந்த மேடைக்கு நேரே வந்ததும்
பார்வையைத் தரையில் இறக்கிக்கொள்கிறார்கள்,
தவாலே தட்டியை இறக்கியதுபோல.

காதுக்குத் தட்டி இல்லை.
அந்த இரவு அங்கேயே படுத்தேன்.
மருமகள் லோசிவாலே அழுதது
எனக்குக் கேட்டது, எதிர்வீட்டுக்குக் கேட்டது,
போதகர் வீட்டு நாய்க்குக் கேட்டது.
யாருக்கும் கேட்காததுபோல் விடிந்தது.
அவள் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள்.
என்னிடம் மட்டும், ஊரான் என்பதால், மெதுவாகக் கேட்டாள்:
"ஆக்லாந்தில் ஆளுக்கொரு அறையாமே?"

பூஜ்யத்தைப் படிவம் ஏற்கவில்லை.
சிவப்பாய் ஒளிர்ந்து
ஓர் எண்ணாவது கொடு என்றது.
ஃபுவாதினோ தாழையோலையால் சுட்டிக்கொண்டே எண்ணினாள்.
இது கடல் வரும் வழி.
இது போதகர் வரும் வழி.
இது பன்றி வரக்கூடாத வழி, ஆனாலும் வரும்.
இது செத்தவர் போன வழி…
"பதினான்கு என்று போடு."
போட்டேன். பச்சை விழுந்தது.

மூன்று மாதம் கழித்து லாரியில் வந்தன
பதினான்கு பூட்டு,
பதினான்கு சாவி,
இருபத்தெட்டுக் கீல்.
கரும்புத் தோகை ஒன்றுகூட இல்லை.

மன்னிப்புக் கேட்கப் போனேன்.
தவாலே சிரித்தான்.
பூட்டுகளை வலையின் அடிக்கயிற்றில் கோத்திருந்தான்.
நல்ல பித்தளை,
ஈயத்தைவிட அழகாய் இறங்குகிறதாம்.
பழக்கதோஷத்தில் எண்ணினேன்.
பதின்மூன்று.

சிமெண்டு வீட்டின் பின்னறையில்
கதவு சாத்தும் ஓசை.
உள்ளிருந்து ஒரு கொண்டி,
ஒரு சாவித் திருகல்.
வெயில் தகரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது.

ஃபுவாதினோ அடுத்த ஓலையை எடுத்தாள்.
தவாலே முடிச்சு ஒன்றை இறுக்கினான்.
மேடைக் கல்லில் எறும்பு ஊர்வதை
நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.